வாசலில் காய்ச்சல் பார்த்தவள்

ஆடப் போகிறவர்களுக்கு உடம்பைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதுவும் தன்மையாக இல்லை. அதட்டி, மிரட்டி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நீட்டி, 'உள்ளே போ', 'வீட்டுக்குப் போ' என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊராருடைய ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் இருபது வருடத்துக்கு மேலாக என் கை வழியாகத்தான் போய்வருகிறது. நாற்பத்தாறு வயதில் ஒருநாள், வேலை குறைவாக இருந்த மதியத்தில், என் ரத்தத்தையே எடுத்து மிஷினில் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான்கு தேர் வீதியையும் சுற்றி நடந்தேன். எதிரே வருகிற பாதிப் பேர் என்னிடம் ரத்தம் கொடுத்தவர்கள். "என்னம்மா, ரிப்போர்ட் ரெடியா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டால் எங்கே நடப்பது? பத்தே நாளில் விட்டுவிட்டேன்.

கடலூரில் ஜோடி நடனம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ரத்தம் கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மாதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபர்னிச்சர் கடைக்கு மேலே. புதுச்சேரியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து சல்சா கற்றுக் கொடுக்கிறார், தனக்கு ஆறு கிலோ குறைந்தது என்றார். வீட்டில் சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கண்டவன் கையப் புடிச்சிகிட்டா?"

"நான் தினமும் கண்டவன் கையப் புடிச்சித்தான் ஊசி குத்துறேன். அப்பல்லாம் வாயத் தொறக்கல?"

ஒரு வாரம் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்தார். இரண்டாவது வாரம் தூங்கிவிட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

அந்த ஆட்டத்தின் முறையைச் சொன்னால்தான் நான் செய்த காரியம் புரியும். ஆண்கள் வெளி வட்டம், பெண்கள் உள் வட்டம். ஒரு பாட்டு முடிந்ததும் மாஸ்டர் கை தட்டுவார், பெண்கள் ஒரு ஆள் தள்ளி நகரவேண்டும். இருபது இருபத்திரண்டு பேர் வருவோம். வகுப்பு முடிவதற்குள் எல்லாருடைய கையையும் எல்லாரும் பிடித்திருப்போம், ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் பட்டிருக்கும். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் கை நீட்டினாலும் மறுக்கக் கூடாது. புதிதாக வந்தவர், வயதானவர், காலை மிதிக்கிறவர், யாராக இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்து ஒரு பாட்டு ஆடிவிட வேண்டும். மறுத்தால் அந்த ஆள் அடுத்த வாரம் வரமாட்டார் என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

முதல் வருடம் எனக்கு மாதம் தவறாமல் ஜலதோஷம். சர்க்கரை இறங்கியது, இடுப்பு வலி போனது, மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேர்க்கிறது, பிடித்த கையாலேயே முகத்தைத் துடைக்கிறோம். தாகம் எடுக்கிறது, யார் பாட்டிலோ கைக்கு வருகிறது, அண்ணாந்து குடிக்கிறேன் பேர்வழி என்று வாயை வைத்துவிடுகிறோம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து இரண்டு மணி நேரம் குதித்துவிட்டு, ஈரச் சட்டையோடு பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வீடு திரும்புகிறோம். பிறகு ஏன் வராது?

காரணம் புரிந்ததும் சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு பாட்டில், மாற்றுச் சட்டை இல்லாதவர் பாதியில் நின்றுவிட வேண்டும். மூன்று பாட்டுக்கு ஒருமுறை எல்லாரும் வரிசையாகப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சோப்பை நானே வாங்கி வைத்தேன். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு வரவே கூடாது. இதில்தான் சண்டை வரும். ஏனென்றால் ஆடுகிறவர்களுக்கு என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: நாலு பாட்டு ஆடி வேர்த்துவிட்டால் காய்ச்சல் தானே இறங்கிவிடும். "ஆடினா சரியாப் பூடும் அக்கா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து நிற்பார்கள். "ஆமாம், உனக்குச் சரியாப் பூடும். உங்கிட்டேர்ந்து வாங்கிகிட்டுப் போற இருபது பேருக்கு?" என்று திருப்பி அனுப்புவேன். கொரோனா காலத்தில் எங்கள் சோதனைக் கூடத்தில் வாங்கி, பிறகு மேஜைக்குள் கிடந்த அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்ததும் அப்போதுதான். எனக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்கள். கோபப்படுவது போல் நடித்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

போன வருடம் அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து ஒருவர் சேர்ந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட் வைத்திருப்பவர், நாற்பது வயது, நல்ல பருமன். முதல் நாள் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றபோது, இவர் ஆடுவதற்குள் நமக்கு வயசாகிவிடும் என்று நினைத்தேன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். சாதாரணமாகச் சொன்னார்.

"என் ஒய்ஃபுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சிக்கா. வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ். என் கிட்னி பொருந்துதாம். ஆனா நான் பத்துக் கிலோ எறங்கினாத்தான் எடுப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நடந்து பாத்தேன், முடியல. ஆடிப் பாப்போம்னு வந்தேன்."

அவருக்கு ஆட வராது. கடைசி வரை வரவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு தவறியதில்லை. வாராவாரம் எடையைச் சொல்வார், நாங்கள் கை தட்டுவோம். அவருடைய ரிப்போர்ட், மனைவியின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். கிரியாட்டினின் என்றால் என்ன, பொட்டாசியம் ஏன் ஜாஸ்தியாச்சு என்று நான் போனில் விளக்குவேன். ஒருமுறை மனைவியையும் அழைத்து வந்தார். மெலிந்த உடம்பு, கையில் டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் இடம் புடைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அந்தம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வூட்ல தோசை சுடும்போதுகூட ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுறாரு அக்கா. இவரு கிட்னி எனக்கு வந்தா நானும் எண்ணிகிட்டே இருப்பேனோ என்னமோ" என்றார்.

ஒன்பது மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தார். சென்னையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தேதிக்குப் பதினொரு நாள் முன்பு வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

அன்றைக்கு மாஸ்டரின் புதுச்சேரிக் குழு எங்களோடு ஆட வருகிறது. வரவேற்க முதல் பாட்டு மாஸ்டரும் எங்களில் ஒரு பெண்ணும் மட்டும் நடுவில் ஆட வேண்டும். மாஸ்டர் என்னைச் சொல்லிவிட்டார். ஐம்பது வயதில், இத்தனை இளம்பெண்கள் இருக்க, என்னை! பதினைந்து நாளாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பாவாடை தைத்து வைத்திருந்தேன், சுற்றினால் விரிகிற மாதிரி.

விடிகாலையில் எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. தொண்டையில் முள். தெர்மாமீட்டர் நூற்று ஒன்று காட்டியது. கணவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேசாம படு" என்றார்.

"வேலை அலுப்பு. இதுக்கெல்லாம் படுத்தா எழுந்திரிக்கவே முடியாது."

"ஊருக்கெல்லாம் சொல்றே."

"ஊருக்குச் சொல்றது ஊருக்கு. என் உடம்பு எனக்குத் தெரியும்."

ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீயோடு இன்னொன்று போட்டேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது என்பதும் தெரியும். நாலு பாட்டு ஆடி வேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். ஆமாம், நானேதான் நினைத்தேன். அந்த வாக்கியத்தை வாசலில் எத்தனை பேரிடம் கேட்டுக் கிண்டல் செய்திருக்கிறேன்!

கூடத்து வாசலில் வழக்கம்போல் நின்றேன். எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிளில் வருகிறவள். படியேறி வந்தவள் நெற்றிக்கு நேரே நீட்டினேன். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு தும்மலும் போட்டாள்.

"வெயில்ல வந்தேன் அக்கா. கொஞ்ச நேரம் ஃபேன் அடியில நின்னுட்டு வரேன், திருப்பிப் பாருங்க" என்றாள்.

திருப்பிப் பார்த்திருக்கலாம். வெயிலில் மிதித்து வந்த நெற்றியில் அந்தத் துப்பாக்கி கூடத்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் புதுச்சேரிக்காரர்கள் பத்துப் பேர் பின்னால் நிற்கிறார்கள். நான் எவ்வளவு கண்டிப்பானவள் என்று காட்ட வேண்டாமா?

"படிச்ச பொண்ணுதானே நீ? அறிவு வேணாம்? நம்ம கூட ஆடுறவர் ஒருத்தர் ஆபரேஷனுக்குப் போறாருன்னு தெரியுமில்ல? கிளம்பு."

முகம் சுருங்கிப்போய் இறங்கினாள். பிறகு நான் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை என் நெற்றிக்கே திருப்பி எல்லாருக்கும் காட்டினேன். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. யாரோ விசில் அடித்தார்கள்.

ஆடினேன். நன்றாகவே ஆடினேன், அதையும் மறைப்பானேன். பாவாடை விரிந்தது, கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் வட்டம் போட்டோம், வந்த கையையெல்லாம் பிடித்து மாறி மாறி ஆடினேன். அந்த மாத்திரை மயக்கத்தில் உடம்பு பஞ்சாக இருந்தது.

பதினொரு மணி போல முந்திரிக்காரர் வந்தார். முகத்தில் மாஸ்க், கையில் பெரிய பை. ஆளுக்குக் கால் கிலோ முந்திரி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஆடலக்கா. கூட்டத்துல நிக்காதன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு. எல்லாரையும் பாத்துட்டு இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஒய்ஃபுதான் போய்ட்டு வாங்கன்னா."

அவர் அத்தோடு போயிருப்பார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடக்கூடச் செய்தார். நான்தான் விடவில்லை.

"ஒன்பது மாசம் ஆடிட்டுக் கடைசி நாளு ஆடாம போறதா? தம்பி, இங்க இருக்கிற ஒவ்வொருத்தர் நெத்தியும் நான் பாத்திருக்கேன். ஒரு தும்மல் போட்ட பொண்ணையும் வெளிய அனுப்பிட்டேன். நீங்க யாரோடயும் ஆட வேணாம். என்னோட மட்டும் ஒரு பாட்டு."

என்று கையை நீட்டினேன்.

அவர் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மறுக்கக் கூடாது. அதுவும் என் கையை எப்படி மறுப்பார்? சிரித்துக்கொண்டே மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு ஆடினால் அவருக்கு மூச்சு முட்டும். நான்கு நிமிடப் பாட்டு. ஒண்ணு ரெண்டு மூணு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆடினார். ஒருமுறை கூட என் காலை மிதிக்கவில்லை. முடிந்ததும் எல்லாரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எவ்வளவு நல்ல காரியம் செய்தோம் என்று.

வீடு திரும்பும்போது பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும் முன்பே குளிர் எடுத்தது. திங்கட்கிழமை மதியம் எங்கள் சோதனைக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு என் மூக்கில் நானே குச்சி விட்டு எடுத்து டெஸ்ட் கிட்டில் போட்டுப் பார்த்தேன். இன்ஃப்ளூயன்சா. கோடு பட்டையாக விழுந்தது, சந்தேகப்பட இடமே இல்லை.

அந்த நிமிடம் ஒரு போன் பண்ணியிருக்க வேண்டும். இதைத்தான் நான் ஜென்மத்துக்கும் மறக்க முடியாது. ஆடினதையாவது ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம், முட்டாள்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். திங்கட்கிழமை எனக்கு எல்லாம் தெரியும். 'தம்பி, எனக்கு இது வந்திருக்கு, நீங்க இன்னையிலேர்ந்து உங்க ஒய்ஃப் பக்கத்துல போவாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க' என்று நாலு வார்த்தை. அவருக்கு வராமல் தடுத்திருக்க முடியாமல் போயிருக்கலாம். அந்தம்மாவுக்கு வராமல் தடுத்திருக்கலாம். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு பாட்டுதானே, அவருக்கு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிட்டைக் குப்பையில் போட்டேன். ரெஜிஸ்டரில் எழுதவில்லை.

புதன்கிழமை அவரே எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதினார். காய்ச்சல், இருமல், ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள், எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்துக்குள் யாரோ, "அன்னிக்கி தும்முச்சே ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தார்கள். அது வாசலோடு போய்விட்டதே என்று ஒருவர் கேட்டார். அது கீழேயே நின்றிருந்தது, அவர் வரும்போது படியில் பையைத் தூக்க உதவி செய்தது, நான் பார்த்தேன் என்று இன்னொருவர். என்ன வேகம்! ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். எல்லாரும் என்னைக் கேட்டார்கள், அக்கா நீங்க சொல்லுங்க, அக்காவுக்குத்தான் தெரியும் என்று.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "இதுக்குத்தான் அன்னைக்கே வாசல்ல நிறுத்தினேன். ஒரு தும்மல் போதும்."

எழுதியது நான். இந்த விரல்தான். நூற்றிரண்டு காய்ச்சலோடு போர்வைக்குள் படுத்துக்கொண்டு எழுதினேன். காய்ச்சலில் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லலாமா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். கலங்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தேன். அந்தப் பெண், "ஸாரி அண்ணா. ஸாரி எல்லாருக்கும்" என்று போட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

சனிக்கிழமை அந்தம்மாவுக்கும் காய்ச்சல். டயாலிசிஸில் இருக்கிற உடம்பு, என்ன தாங்கும்? சளி நெஞ்சில் இறங்கி, மூச்சுத் திணறி, ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். அப்போதும் ரிப்போர்ட் எல்லாம் எனக்குத்தான் வந்தது. "அக்கா, இதுல சிவப்புல போட்டிருக்கே, என்னக்கா அது?" "அக்கா, ஆக்சிஜன் தொண்ணூறுன்னா பரவாயில்லையா?" ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னேன். தைரியமா இருங்க தம்பி என்றேன். நீங்க இல்லன்னா எங்களுக்கு யாருக்கா இருக்கா என்று அவர் போனில் அழுதார். நான் போனைத் தூரப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் புள்ளைக்கி என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார். பத்தொன்பது இருபது என்றேன். "போய்ச் சொல்லிடு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் வெட்டி கவுரவத்துக்குச் சண்டை போட்டேன், நீங்க யோக்கியமா என்று பழைய கதையெல்லாம் இழுத்தேன். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மாஸ்டர் கேட்டபோது முட்டி வலி என்றேன். அதுவும் பொய்.

அந்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாக ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ரிப்போர்ட் எதுவும் வரவில்லை. ஒருநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். அவர்கள் எந்தக் கிழமையில் டயாலிசிஸுக்கு வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் அறைக்கு வெளியே, வராந்தாவில் முந்திரிக்காரர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கக்கா, இம்மாந் தூரம் எதுக்கு வந்தீங்க, போன் பண்ணினா போதாதா" என்று ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். அந்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். காலை நூற்று ஒன்று இருந்தது, இரண்டு மாத்திரை போட்டேன், திங்கட்கிழமை டெஸ்ட் செய்தேன், தெரிந்தும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் தலையில் போட்டேன். எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எவ்வளவு நாள் தூங்கவில்லை, நான் எப்படிச் சாப்பிடவில்லை, ஆட்டத்தையே விட்டுவிட்டேன், என்னை நானே மன்னிக்க முடியவில்லை என்றெல்லாம் சொன்னேன். வந்தவள் நிறுத்தவே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது.

"நான் அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போனேன்க்கா" என்றார்.

எனக்கு அது தெரியாது.

"ஒய்ஃப் ஐ.சி.யூ.வுல இருக்கும்போது போனேன். அவுங்க அப்பா எதிர்லயே கண்டபடி பேசிட்டேன். உன் பொண்ணு ஆட்டத்துக்கு என் பொண்டாட்டி சாவணுமான்னு கேட்டேன். அந்தாளு என் கால்ல விழ வந்துட்டாரு. அந்தப் பொண்ணு கதவாண்ட நின்னுகிட்டு அழுவுது. நீங்கதான் சொல்லிட்டீங்களே, அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்?"

டீயைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. சரி. அதுகிட்ட யாரு சொல்றது?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து நம்பரைத் தேடினார். இப்பவே வேண்டாம் தம்பி, நேரில் போய் நானே சொல்கிறேன் என்றேன். அவர் கேட்காத மாதிரி டயல் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, எனக்கு முன்னால் நீட்டினார். அதை மறுக்க முடியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

"அண்ணா?" என்றாள் அந்தப் பெண். குரலில் அவ்வளவு பயம்.

"நான் அக்கா பேசறேம்மா. அன்னைக்கிக் காய்ச்சல் எனக்குத்தான் இருந்தது. மாத்திரை போட்டு மறைச்சிட்டு வந்தேன். அண்ணனுக்கு என்கிட்டேர்ந்துதான் வந்தது. உங்கிட்டேர்ந்து இல்ல. எனக்குத் தெரிஞ்சே உம்மேல போட்டேன். உனக்கு அன்னிக்கி ஒண்ணுமே இல்லம்மா, வெயிலு, அவ்வளவுதான்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிடுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அந்த ஆசையையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள்.

"அண்ணி இப்ப எப்படி இருக்காங்க?"

நான் அங்கே வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் அந்தம்மா படுத்திருந்தார். நான் இன்னும் அதைக் கேட்கவே இல்லை.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. "ஹார்ட்டு கொஞ்சம் வீக்காயிடுச்சாம்மா. எக்கோ பாத்தாங்க. ஆறு மாசம் போவட்டும், அப்புறம் திருப்பிப் பாத்துட்டுதான் ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு சொல்வாங்களாம்" என்றார் அவளிடம். அவளோடு சேர்ந்து நானும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.